ஏற்றம் நின்ற பிறகும் தூங்காத கம்பர்

கம்பரைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. வயலோரமாக நடந்து போகிறார். ஒருவர் பாடிக்கொண்டே கிணற்றிலிருந்து ஏற்றம் இறைக்கிறார். மூங்கில் இலைமேல் தங்கியிருக்கும் பனித்துளியைப் பற்றி ஓர் அடி. அந்த அடி முடிந்த இடத்தில் அன்றைய இறைப்பும் முடிந்துவிட, அவர் ஏற்றத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று கம்பருக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை. மறுநாள் விடியற்காலையில் அதே வரப்புக்கு வந்து, அந்தத் துளியைக் கதிரவன் வாங்கிக்கொள்கிறான் என்ற அடுத்த அடியைக் கேட்ட பிறகுதான் நகர்ந்தார் என்பார்கள்.

நாட்டுப்பாட்டின் பெருமையைச் சொல்லத்தான் இந்தக் கதையை வழக்கமாக எடுப்பார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஏற்றக்காரர் பாதியில் நிறுத்தியதுதான். அவருக்கு அந்தப் பாட்டு ஒரு கருவி. தண்ணீர் மொள்ளும் சால் இறங்க ஒரு மூச்சு, ஏற ஒரு மூச்சு. எத்தனை சால் இறைத்தாயிற்று என்ற கணக்கும் பாட்டோடு சேர்ந்தே ஓடும். தண்ணீர் பாய்ந்தால் போதும், பாட்டு எந்த வரியில் நின்றாலும் அவருக்குக் குறை இல்லை. கம்பருக்கோ அது கவிதை. ஒரே பாட்டுக்கு இரண்டு வேலை. இரண்டு பேரும் அதைச் சரியாகத்தான் கேட்டார்கள்.

"இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று வீட்டிலும் பேருந்திலும் கல்யாண மண்டபத்திலும் கிளம்பும் சண்டைகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான் என்று நினைக்கிறேன். வெளியே தரத்தைப் பற்றிய சண்டை மாதிரித் தெரியும். உள்ளே பார்த்தால் ஒருவர் நடக்கக் கேட்கிறார், இன்னொருவர் அழக் கேட்கிறார், மூன்றாமவர் ராகம் பிடிக்கக் கேட்கிறார். எந்த வேலைக்கு எப்படிப்பட்ட பாட்டு ஒத்துவரும், எங்கே பிசகும் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

தாலாட்டில் தொடங்குகிறேன், அதில் கணக்கு கண்ணுக்கே தெரியும் என்பதால். உத்தரத்தில் கட்டிய தூளியில், முடிச்சிலிருந்து குழந்தை கிடக்கும் இடம்வரை ஆறடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீளமுள்ள ஊசல் ஒரு முறை போய்த் திரும்ப ஏறக்குறைய 2.7 நொடி ஆகும். நிமிடத்துக்கு 22 ஆட்டம். போகும்போது ஒரு தட்டு, வரும்போது ஒரு தட்டு என்றால் நிமிடத்துக்கு 44 தட்டு. குழந்தை கனத்தாலும் இளைத்தாலும் இது மாறாது, சேலையின் நீளம்தான் தீர்மானிக்கும். ஆக, தாலாட்டின் காலப்பிரமாணத்தைப் பாடுகிறவர் முடிவு செய்வதில்லை, தூளி முடிவு செய்கிறது. சீக்கிரம் தூங்கவைத்துவிட்டு அடுப்படிக்குப் போகலாம் என்று வேகமாகப் பாடினால் கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் இழுக்கும். உயரம் குறைவான இரும்பு ஸ்டாண்டில் கட்டும் தூளிக்கு ஆட்டம் இன்னும் வேகம். முடிச்சிலிருந்து மூன்றடிதான் என்றால் போய்வர 1.9 நொடி. பாட்டி பாடிய அதே பாட்டு ஸ்டாண்டுத் தூளியில் ஏன் ஒட்டவில்லை என்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆட்டத்துக்கு ஏற்றபடி சொற்களைக் கொஞ்சம் நெருக்கிப் பாடினால் சரியாகிவிடும்.

நீலாம்பரியைத் தூங்கவைக்கும் ராகம் என்கிறோம். ஸ்வரங்கள் மட்டும் அதைச் செய்வதாக நான் நம்பவில்லை. அதை விளம்ப காலத்தில், அதாவது மெதுவாக, ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்கு இழைந்து இறங்கிப் பாடும் வழக்கம்தான் பாதி வேலையைச் செய்கிறது. அதே ராகத்தைத் துரித காலத்தில் பாடிப் பாருங்கள், யாரும் கொட்டாவி விட மாட்டார்கள்.

பெரியவர்கள் தூங்குவதற்குப் பாட்டு வைக்கும்போது மூன்று இடங்களில் தவறுகிறது. ஒன்று, வேகம். நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டுக்குள் இருப்பது நல்லது. இரண்டு, ஏற்ற இறக்கம். மெல்லிசைப் பாட்டு என்று நம்பி வைத்திருப்போம், இரண்டாவது இடையிசையில் டிரம்ஸ் வந்து எழுப்பிவிடும். அதைவிட மோசம், பாட்டுக்கு நடுவே வரும் விளம்பரம். பாட்டை ஃபோனிலேயே இறக்கிவைத்து, 30 நிமிடத்தில் தானாக நிற்கும்படி டைமர் போட்டுவிடுவதே வழி.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. நன்றாகத் தெரிந்த சினிமாப் பாட்டைப் புல்லாங்குழலிலோ பியானோவிலோ வாசித்த பதிவைப் போட்டுவிட்டு, வார்த்தை இல்லாததால் தூக்கம் வரும் என்று எதிர்பார்ப்பார்கள். அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். தெரிந்த பாட்டின் வாத்திய வடிவம்தான் தலைக்குள் அதிகமாக ஒட்டிக்கொண்டு, தூக்கத்தை அதிகமாகக் கெடுத்தது. வார்த்தை இல்லாத இடத்தை மூளை தானே நிரப்பப் பார்ப்பது காரணமாக இருக்கலாம். தூங்க வேண்டுமென்றால் மெட்டே தெரியாத இசையாகப் பாருங்கள்.

படிக்கும்போதும் எழுதும்போதும் இதே சங்கதிதான் வேறு உருவத்தில் வருகிறது. புரிகிற மொழியில் வரிகள் ஓடினால், படிக்கும் வாக்கியமும் பாடும் வாக்கியமும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். கணக்குப் போடுவதற்கு, படம் வரைவதற்கு, துணி மடிப்பதற்கு இது அவ்வளவு தடை இல்லை. மொழியோடு மல்லுக்கட்டும் வேலைக்குத்தான் தடை. அந்த நேரத்துக்கு வீணையிலோ வயலினிலோ ஆலாபனை, தானம் போன்ற, வரிகளும் தாளக்கட்டும் இல்லாத பகுதிகள் நல்ல துணை. மிருதங்கம் முதலியவை மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வேண்டாம். எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்து, ஒரே தாளக் கோர்வையை மூன்று முறை வைத்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் கொண்டுவந்து சேர்ப்பதெல்லாம் உங்கள் கவனத்தைப் பிடிக்கவே செய்யப்பட்டவை. அதைப் பின்னணியாகப் போட்டுவைப்பது வித்வானுக்கும் நியாயம் இல்லை, உங்கள் வேலைக்கும் நியாயம் இல்லை.

நடைக்கு வருவோம். நிமிடத்துக்கு 100 காலடி என்பதை மிதமான உடற்பயிற்சிக்கு அடையாளமாக வைக்கிறார்கள். விறுவிறு நடைக்கு 115 முதல் 125. ஓட்டத்துக்கு 160 முதல் 180. பாட்டின் வேகத்தை அறிய ஃபோன் செயலி தேவையில்லை. கால் எங்கே விழத் தோன்றுகிறதோ அந்தத் தட்டுகளை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். செயலிகள் சொல்லும் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற எண்) அடிக்கடி பாதியாகவோ இரட்டையாகவோ இருக்கும். 70 என்று காட்டும் பாட்டு உண்மையில் 140 ஆக உங்கள் காலுக்குப் படலாம். நம் குத்துப்பாட்டுகளில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம், பல பாட்டுகள் திஸ்ர நடையில் இருப்பதால். ஒரு தட்டுக்குள் மூன்று சிறு அடி. செயலி அந்தச் சிறு அடிகளை எண்ணிவிட்டு ஏதோ ஓர் எண்ணைச் சொல்லும். கால் அந்த மூன்றில் முதலாவதில் மட்டும்தான் விழும், அதை மட்டும் எண்ணுங்கள். திஸ்ரத்தில் நடக்கும்போது இடுப்பு தானாகக் கொஞ்சம் அசையும். பறையும் தவிலும் கேட்கிற தெருவில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஆடத் தொடங்குவதற்கு அந்த மூன்றில் இருக்கும் சாய்வுதான் காரணம் என்பது என் கணிப்பு.

ஒரு வரம்பும் உண்டு. லண்டனின் புரூனல் பல்கலைக்கழகத்தில் காஸ்டஸ் கராகியோர்கிஸ் பல ஆண்டுகளாக உடற்பயிற்சியையும் இசையையும் ஆராய்ந்தவர். மிதமான உழைப்பில் இசை களைப்பு உணர்வைக் குறைக்கிறது, மூச்சு முட்டும் கடும் உழைப்பில் அந்த உதவி மங்கிவிடுகிறது என்பது அந்தத் துறையில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு. உடம்பு கூச்சலிடும்போது காது ஒதுங்கிக்கொள்கிறது. ஆகவே கடைசி ஒரு கிலோமீட்டருக்குப் பாட்டைத் தேடித் திணறாதீர்கள், தொடங்குகிற முதல் பத்து நிமிடத்துக்குத் தேர்ந்தெடுங்கள்.

துக்கத்துக்குக் கேட்பது எல்லாவற்றிலும் நுட்பமானது. மனம் உடைந்தவரிடம் "ஏன் இந்த அழுகைப் பாட்டைக் கேட்கிறாய், ஜாலியாக ஏதாவது போடு" என்று சொல்வது பாசத்தில் வருவதுதான், ஆனால் பலிக்காது. நம் ஊரில் ஒப்பாரி என்ற ஒரு பெரிய ஏற்பாடே இருக்கிறது. பெண்கள் வட்டமாகத் தோளோடு தோள் சேர்ந்து, ஒருவர் எடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடி, இறந்தவரை முறை சொல்லி அழைத்து அழுவது. தனியாக வராத அழுகை அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். முகாரி, சிவரஞ்சனி ராகங்கள் கச்சேரியிலோ படத்திலோ செய்யும் வேலைக்கு இதுதான் அடிப்படை.

1940-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷூலர் இதையே ஒரு சிகிச்சை முறையாக எழுதினார். நோயாளியின் மனநிலை எங்கே இருக்கிறதோ அங்கிருந்தே இசையைத் தொடங்கி, படிப்படியாக வேண்டிய நிலைக்கு நகர்த்துவது. இசைச் சிகிச்சையாளர்கள் இன்றும் ஐசோ கொள்கை என்று சொல்வது இதைத்தான். வீட்டில் செய்ய ஆறு பாட்டு போதும். முதல் இரண்டும் மனம் இருக்கும் இருட்டிலேயே இருக்கட்டும். மூன்றாவது அதே வேகம், ஆனால் வரியில் கொஞ்சம் ஆறுதல். நான்காவதில் வேகம் சற்றுக் கூடலாம். ஐந்தாவதும் ஆறாவதும் சாதாரண நாளில் நீங்கள் முணுமுணுக்கும் பாட்டுகள். முதல் பாட்டிலிருந்து நேரே ஆறாவதுக்குத் தாவினால் எரிச்சல்தான் வரும்.

சோகப் பாட்டு ஆற்றுகிறதா, கிளறுகிறதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை: மூன்று பாட்டு கேட்டபின் மூச்சு இறங்கியிருக்கிறதா? இறங்கியிருந்தால் தொடரலாம். நடந்ததையே மனம் மறுபடி மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தால், ஒரே பாட்டை எட்டாவது முறை போடத் தோன்றினால், அன்றைக்கு அந்தப் பாட்டு உதவாது. எழுந்து யாருக்காவது ஃபோன் செய்யுங்கள். ஒப்பாரியை யாரும் தனியாக உட்கார்ந்து வைப்பதில்லை.

யாருடைய ரசனையும் கேட்கப்படாத இசையும் உண்டு. தாலி கட்டும் நொடியில் கெட்டிமேளம் எதற்கு? தும்மலோ விசும்பலோ அபசகுனமான ஒரு சொல்லோ அந்த நேரத்தில் காதில் விழக்கூடாது என்பதற்கு. அங்கே நாயனம் ஒரு மதில். கோயிலில் சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி இன்னொரு வகை. கம்பீர நாட்டை ராகத்தில், சாகித்தியம் (பாட்டு வரிகள்) இல்லாமல். நான்கு வீதி தள்ளி இருப்பவருக்கும் சுவாமி புறப்பட்டாயிற்று என்று அது சொல்லிவிடும். அந்த இடத்தில் நின்று சத்தம் அதிகம் என்று குறைப்படுவது, ரயிலின் ஊதலுக்குச் சுருதி பார்ப்பதைப் போன்றது.

இனி இசையை இசைக்காகவே கேட்பவர்கள். இவர்களுடைய இன்பம் பெரும்பாலும் காத்திருப்பில் இருக்கிறது. கல்யாணி ஆலாபனையை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகர் மத்திய ஸ்தாயியில், அதாவது நடு உயரத்தில், ‘க’ என்ற காந்தாரத்தைச் சுற்றி வீடு கட்டுகிறார். பிறகு தைவதம் (த), நிஷாதம் (நி). மேல் ஷட்ஜம் (ச) கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே நிற்க மாட்டார். ம த நி ரி என்று ஷட்ஜத்தைத் தாண்டி ரிஷபத்தைத் தொட்டுவிட்டு மறுபடி நிஷாதத்துக்கு இறங்குவார். இன்னொரு முறை. இன்னும் ஒரு முறை காந்தாரம்வரை போய் வருவார். தம்புராவில் ஷட்ஜம் விடாமல் ஒலித்துக்கொண்டிருப்பதால், அவர் நிற்காத அந்த இடம் நம் காதில் ஏற்கனவே நின்றுகொண்டிருக்கிறது. கடைசியில் மேல் ஷட்ஜத்தில் வந்து நீளமாக நிற்கும்போது அரங்கில் ஒரு பெருமூச்சு எழும். மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகம் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், இசை கேட்டு மயிர்க்கூச்செறிபவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். உச்சத்தில் மட்டும் அல்ல, உச்சத்தை எதிர்பார்க்கும் நொடிகளிலும் இன்பத்தோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்தது. அதுவும் மூளையின் வேறொரு பகுதியில். ரசிகர் தலையசைப்பது கிடைத்ததற்காக மட்டும் அல்ல, வரப்போவதற்காகவும்தான்.

இப்படிக் கேட்கப் பழகுவது எட்டாத காரியம் இல்லை. முதலில் தம்புராவின் ஷட்ஜத்தோடு வாயை மூடி முனகிச் சேருங்கள். அந்தச் ச உங்கள் தொண்டையில் நின்றபிறகுதான் அடுத்தது. பிறகு சங்கராபரணத்தையும் கல்யாணியையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே ஒரு ஸ்வரம்தான் வித்தியாசம். சங்கராபரணத்தில் சுத்த மத்யமம், கல்யாணியில் பிரதி மத்யமம். காந்தாரத்திலிருந்து மத்யமத்துக்குப் போகும் அடி சின்னதாக இருக்கிறதா, பெரிதாக இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். தினம் பத்து நிமிடம் போதும். தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு, ஒரே வாரத்தில் இருபது ராகங்களின் பெயரை மனப்பாடம் செய்வது. பெயர் நிற்கும், காது நிற்காது.

சொல்லுக்காகக் கேட்பவர்களும் பெருங்கூட்டம். கச்சேரிகளில் தெலுங்கும் சமஸ்கிருதமும் மேலோங்கியிருக்க, பாட்டு புரியாமல் எப்படி உருகுவது என்று கேட்டுத்தான் 1940-களில் தமிழிசை இயக்கம் வலுத்தது, 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உருவானது. நாதத்துக்கு மொழி எதற்கு என்றது எதிர்த்தரப்பு. இரண்டு தரப்பும் தான் கேட்கும் காரணத்தையே எல்லோருக்கும் உரிய காரணமாக எடுத்துக்கொண்டது. என் மனம் தமிழிசைப் பக்கம்தான். மேடையில் தமிழ் துக்கடாவாக, அதாவது கச்சேரிக் கடைசியில் பாடும் சின்ன உருப்படியாக, ஒதுங்கிக் கிடந்தது நியாயமே இல்லை.

மேலிருந்து ரசனையைத் திருத்தப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு வானொலி சாட்சி. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒடுக்கினார். மக்கள் கேட்பதை நிறுத்தவில்லை. முள்ளை நகர்த்தி இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957-இல் விவித பாரதி என்ற பொழுதுபோக்கு ஒலிபரப்பைத் தொடங்கி, பாட்டை மறுபடி வீட்டுக்குக் கூப்பிட வேண்டியதாயிற்று.

பிடிக்கவில்லை என்று முடிவெடுக்கும் முன் இரண்டு சங்கதிகளைச் சரிபார்க்கச் சொல்வேன். முதலாவது சத்தம். இரண்டு பதிவுகளை ஒப்பிடும்போது சற்று உரக்க ஒலிப்பது நல்ல பதிவாகத் தோன்றும், ஒரு டெசிபல் வித்தியாசம்கூடக் காதை ஏமாற்றிவிடும். புதிய பதிவுகளில் மெல்லிய இடங்களையும் உயர்த்தி நெருக்கிவைத்திருப்பார்கள். பழைய பதிவோ மெல்லியதை மெல்லியதாகவே விட்டிருக்கும். பழையது சப்பென்று இருக்கிறது என்பதற்கு முன், புதியதன் ஒலியைக் குறைத்து இரண்டையும் சமமாக்கிக் கேளுங்கள். பேருந்தில் கேட்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இஞ்சின் இரைச்சலை மிஞ்ச வேண்டி ஒலியை ஏற்றிக்கொண்டே போவோம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணி. காதில் இறுக்கமாகப் பொருந்தும் ரப்பர் முனை போட்டால் இரைச்சல் வெளியே நிற்கும், ஒலியை ஏற்றவே தோன்றாது.

இரண்டாவது, எத்தனை முறை கேட்டோம் என்பது. பழகப் பழகப் பிடிக்கும் என்பதை ராபர்ட் சயான்ஸ் 1968-இலேயே சோதனைகளில் காட்டினார். அதற்கும் ஒரு மேடு உண்டு, ஏறி உச்சிக்குப் போய்ப் பிறகு இறங்கும். சிக்கலான இசைக்கு ஏற்றம் மெதுவாக இருக்கும், இறக்கமும் மெதுவாகத்தான் இருக்கும். முதல் தடவையே ஒட்டிக்கொள்ளும் பாட்டு மூன்றே வாரத்தில் சலிப்பது இதனால்தான். புது வகை இசைக்கு ஐந்து முறையாவது இடம் கொடுங்கள், வெவ்வேறு நாட்களில். உயிரான பாட்டை மட்டும் தயவுசெய்து அலாரமாக வைக்காதீர்கள். தினமும் தூக்கத்தைப் பறிக்கும் ஒலியோடு அது ஒட்டிப்போய்விடும், பிறகு மீட்பது கஷ்டம்.

எந்த இசையுமே இனிக்காதவர்களும் இருக்கிறார்கள். பார்சலோனா ஆய்வாளர்கள் 2014-இல் இவர்களைப் பற்றி எழுதினார்கள். காது சரி, சுருதி வித்தியாசம் தெரிகிறது, மற்ற இன்பங்களும் குறைவில்லை, இசை மட்டும் எதையும் கிளர்த்துவதில்லை. "உனக்கு ரசனையே இல்லை" என்று அவர்களைக் குத்துவதை நிறுத்திக்கொள்ள இது போதும்.

கடைசியாக, வீட்டுப் பெரியவர்களுக்குப் பாட்டுத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது. ஞாபகம் தவறும் முதியவர்களுக்கு இது மருந்து இல்லை, ஆனால் ஒரு நல்ல அரை மணி நேரம். பத்து வயதிலிருந்து இருபத்தைந்து வயதுவரை கேட்டவை ஆழமாகப் பதியும். 1950-இல் பிறந்தவருக்கு 1960 முதல் 1975 வரை தேடுங்கள். அதற்கு முந்தைய பத்தாண்டுகளையும் விட்டுவிடாதீர்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் கிரம்ஹான்சல் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இளைஞர்கள் தாங்கள் பிறப்பதற்கு முன் பெற்றோர் கேட்ட காலத்துப் பாட்டுகளிலும் நெருக்கம் காட்டினார்கள். அவர் படித்த ஊர், வீட்டில் வானொலி இருந்ததா, கோயிலா சர்ச்சா தர்காவா, எந்தப் பாடகர் பக்கம் நின்றார் என்று உறவினர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பாட்டு போதும்.

ரீமிக்ஸ் வேண்டாம். வயதான காதில் உயர் சுருதி ஒலிகள் முதலில் மங்கும், அதிலும் ச், த் போன்ற மெய்யெழுத்துகள். கீழ் ஒலி பெருக்கிய பதிவில் சொல் ஒன்றும் விளங்காது. காதின் மேல் உட்காரும் பெரிய ஹெட்ஃபோன், குறைந்த ஒலி, மின்விசிறியும் டிவியும் நின்றிருக்கட்டும். இருபது நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். முகம் கலங்கினால், ஹெட்ஃபோனைப் பிடுங்கினால் உடனே நிறுத்தி, எந்தப் பாட்டு என்று குறித்துவைத்து நீக்குங்கள். ஒருவேளை அது யாரோ இறந்த வீட்டில் ஒலித்த பாட்டாக இருக்கும். கண்ணை மூடியபடி அசையாமல் கிடந்தால் தூங்கிவிட்டார் என்று எழுந்துவிடாதீர்கள். போர்வைக்கு மேலிருக்கும் விரல்களைப் பாருங்கள். தாளம் தட்டிக்கொண்டிருந்தால் பாட்டை மாற்ற வேண்டாம், அது முடியும்வரை பக்கத்திலேயே இருங்கள்.